37 அரசாணிக்காய்களும் ஓர் அரிவாள்மனையும்

தை மாதம் மூன்றாவது வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி அரிவாள்மனையைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் 8 கிலோ அரசாணிக்காய் ஒன்றை உருட்டி நிறுத்தினாள். "ஏனுங்க, விதைத்தது நீங்கள்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, துணி உலர்த்த மாடிக்குப் போய்விட்டாள்.

35 ஆண்டு இல்லறத்தில் அவள் சமையலறையை எனக்கு விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான். அதற்கு முந்தைய 16 நாட்களில் 11 நாள் எங்கள் வீட்டில் அரசாணிக்காய். சாம்பாரில் கொஞ்சம், கூட்டில் கொஞ்சம், அரிசியும் பருப்பும் சாதத்தில் கொஞ்சம் என்று மறைத்து மறைத்துப் போட்டுப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றிப் பழமொழி சொன்னவர் வீட்டிலும் அந்த ஆண்டு விளைச்சல் கூடுதலாக இருந்திருக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். சேலம், ஈரோடு, கோவைப் பக்கம் நாங்கள் அரசாணிக்காய் என்பது உங்கள் ஊரில் பரங்கிக்காயாகவோ மஞ்சள் பூசணியாகவோ சர்க்கரைப் பூசணியாகவோ இருக்கும். எங்களுக்குப் பூசணி என்றால் மேலே வெள்ளை மாவு பூத்த சாம்பல் பூசணிதான். வாசலில் திருஷ்டிக்குக் கட்டுவது அது. ஆயுத பூஜை அன்று நடுத்தெருவில் உடைத்து, பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரைச் சறுக்கி விழ வைப்பதும் அது. திருநெல்வேலிக்காரர்கள் அதைத் தடியங்காய் என்பார்கள். பரங்கி என்ற பெயரே மஞ்சள் காய் கடல் கடந்து வந்ததைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அமெரிக்கக் கண்டத்துக் காய் அது. 1492-க்கு முன்னால் நம் ஊரில் எவரும் அதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் பொங்கலன்று அரசாணிக்காய் இல்லையென்றால் எங்கள் பக்கம் அடுப்பே பற்றாது.

எங்கள் வீடு சேலத்தில், கன்னங்குறிச்சியில். மாடியில் நின்றால் சேர்வராயன் மலை மதில்போலத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மூலையில் எருக்குழி. ஆடிப்பெருக்கு அன்று மூன்று குழி எடுத்து, தொழுவுரம் போட்டு, குழிக்கு இரண்டு விதை ஊன்றினேன். ஆறில் நான்கு முளைத்தன. எருக்குழியில் யாரும் கேட்காமலே ஒன்று முளைத்தது. தானாக வந்ததைப் பிடுங்க மனம் வரவில்லை. ஆக ஐந்து கொடிகள்.

புரட்டாசியில் பூக்கத் தொடங்கியபோது நான் பயந்துபோனேன். தினமும் விடிந்தால் பத்துப் பன்னிரண்டு பூ; ஒன்றுகூடக் காய் பிடிக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, எல்லாம் ஆண் பூ. இந்தக் குடும்பத்துக் கொடிகள் முதலில் ஆண் பூவைத்தான் விடும். நீண்ட, மெலிந்த காம்பு இருந்தால் ஆண். பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு உட்கார்ந்திருந்தால் பெண். காலையில் வெயில் ஏறுவதற்குள் விரிந்து, நடுப்பகலுக்குள் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்து போக வேண்டும். தேனீயை நம்பி உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் தடவினேன். ஒரு நாளல்ல, ஐப்பசி முழுவதும், மழை விட்ட காலைகளில் எல்லாம். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். 83 வயது. "தேனீக்கு எதிராகக் கடை வைத்திருக்கிறாய்" என்றார் ஒருநாள்.

தேனீயும் தன் கடையை மூடவில்லை. அதுதான் கணக்கு பிசகிய இடம்.

மார்கழியில் தெருக் குழந்தைகள் சாணிப் பிள்ளையாருக்குப் பூ கேட்டு வந்தார்கள். அம்மா அவர்களிடம் காம்பு நீண்ட பூவை மட்டும் பறிக்கச் சொன்னார். விளைச்சலைக் கட்டுக்குள் வைக்க அது நல்ல தருணம். பெண் பூவையும் கொடுத்திருக்கலாம். பிஞ்சிலேயே பாதியைப் பறித்துப் பொரியல் செய்திருக்கலாம், கொழுந்தைக் கிள்ளிக் கீரையாகக் கடைந்திருக்கலாம், பூவைக் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டிருக்கலாம். இதெல்லாம் நடக்க வேண்டியது மார்கழியில்; எனக்குத் தோன்றியது மாசியில். தோட்டம் போடுகிறவனுக்குப் பிஞ்சைப் பறிக்கக் கை வராது. இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று தோன்றும். பெருத்தது.

காம்பு காய்ந்து தக்கைபோல ஆனதும், தோலில் நகம் இறங்காமல் போனதும் அறுவடை. காம்பை நான்கு விரல்கடை விட்டு வெட்ட வேண்டும். காம்பு ஒடிந்த காயில் அந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும்; காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. எண்ணினேன், 37. கூட்டுறவு வங்கியில் 31 ஆண்டு காசாளராக இருந்த கை சும்மா இருக்காது. ஒவ்வொன்றையும் எடைபோட்டு ஒரு நோட்டில் எழுதினேன். சிறியது 2 கிலோ, பெரியது 9 கிலோ 300 கிராம், மொத்தம் 190-க்குச் சற்றுக் குறைவு. வீட்டில் சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்குச் சர்க்கரை.

இனிமேல்தான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த விஷயம். தோட்டக்காரர்கள் பலரும் அதிக விளைச்சலைச் சமையல் சிக்கலாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அரசாணியில் சிக்கல் அதுவல்ல. அறுக்காத காய்க்கு எந்த அவசரமும் கிடையாது. பத்து நாள் வெயிலில் தோல் இறுகவிட்டு, காற்றோட்டமான நிழலில், வெறும் சிமெண்டுத் தரையில் படாமல் தென்னை ஓலை மேல், ஒன்றையொன்று தொடாமல் வைத்தால் மூன்று நான்கு மாதம் அப்படியே இருக்கும். இருப்பது மட்டுமா, மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறி இனிப்பு கூடும், சதையின் நிறம் அடர்த்தியாகும். வைப்புநிதிக்கு வட்டி ஏறுவது மாதிரி. அறுத்த கணத்தில் அது கடனாகிவிடுகிறது. விதைக்குழியில் இரண்டாம் நாளே பிசுபிசுப்பு, நான்காம் நாள் பூஞ்சணம். 8 கிலோக் காயை அறுத்தால் நான்கு நாளைக்குள் 8 கிலோவையும் யாராவது தின்றாக வேண்டும்.

அம்மா பிறந்த வீடு தாரமங்கலம் பக்கம். பரண் முழுக்க அரசாணியும் பூசணியும் அடுக்கி இருக்குமாம். காய் அறுக்கும் நாளில் வீட்டில் 14 பேர் சாப்பாட்டுக்கு. அப்படியும் பாதிதான் வீட்டுக்கு. மீதியைப் பத்தை போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் அறுக்கும்போது ஒரு பத்தை இங்கே வரும். ஆக ஒரு தெருவில் வாரத்துக்கு ஒரு காய்தான் அறுபடும். எல்லா வீட்டிலும் புதிதாகச் சாப்பிடுவார்கள். குளிர்பதனப் பெட்டிக்குச் செய்யும் செலவை அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் செய்திருக்கிறார்கள். இன்று எங்கள் தெருவில் 22 வீடு. பத்தை போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், சிரிப்பார்கள், "எதற்கு சார் இதெல்லாம்" என்பார்கள். முழுக்காயாகக் கொடுத்தால்தான் முகம் மாறும். ஆறு வீட்டுக்கு முழுக்காய் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அதில் இரண்டு, அந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் கொடுத்தபடியே இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அறுக்கப் பயம். எனக்குப் புரிந்தது.

அறுப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. முழு அரசாணியையும் பூசணியையும் பெண்கள் முதலில் வெட்டக்கூடாது, ஓர் ஆண் கை வைத்துப் பிளந்து கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வரும் நம்பிக்கை. என் மனைவிக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது; பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் இந்த ஆண்டு மட்டும் மாமியாருடன் முழு ஒப்புதல். "அத்தை சொன்னால் அதில் ஏதாவது காரணம் இருக்கும்" என்றாள். காரணம் எனக்கு மூன்றாவது காயிலேயே தெரிந்துவிட்டது. தோள்பட்டை வலி.

அரிவாள்மனை முழுக்காய்க்கு ஆகாது. காய் வழுக்கினால் விரல் போகும். வெட்டுக்கத்தியைக் காம்புக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தில் வைத்து, அம்மிக்குழவியால் முதுகில் மெதுவாகத் தட்டினால் வரியோடு பிளக்கும். பிளந்ததும் குடலையும் விதையையும் உடனே வழித்துவிட வேண்டும். கெடுவது அங்கேதான் தொடங்குகிறது. குடலை வீசக்கூடாது. வெங்காயம், வரமிளகாய், கொஞ்சம் உளுந்து சேர்த்து வதக்கி அரைத்தால் துவையல். பத்தை போட்ட பிறகுதான் அரிவாள்மனை.

எந்தக் காயானாலும் அம்மா முனையில் ஒரு சிறு துண்டு பச்சையாகக் கடித்துப் பார்ப்பார். வெள்ளரிக்கும் சுரைக்கும் செய்கிற பழக்கம் அது. கசந்தால் மொத்தக் காயும் குப்பைக்கு. குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு. வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தவர்களே உண்டு. பாகற்காய்க் கசப்பு வேறு, இது வேறு. எருக்குழியில் தானாக முளைத்த கொடியின் விதை எங்கிருந்து வந்ததென்று தெரியாததால், அதன் காய்களை அம்மா இரண்டு தடவை கடித்தார். எங்கள் வீட்டில் அறுத்ததில் ஒன்றும் கசக்கவில்லை. கசந்திருந்தால் நோட்டில் ஒரு வரி மிச்சமாகியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

விற்கலாமே என்று மகன் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் சொன்னான். அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குப் போனேன். 1999-இல் தொடங்கிய திட்டம்; விவசாயி என்று அடையாள அட்டை வைத்திருப்பவர்தான் அங்கே கடை போட முடியும். 3 சென்ட்காரனுக்கு அங்கே என்ன வேலை? சரியான விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடைக்கு. கடைக்காரர் காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முழுசாக யாரும் வாங்குவதில்லை. பத்தை போட்டால் மூன்று நாளில் விற்க வேண்டும். மூன்று எடுத்துக்கொள்கிறேன்" என்றார். காசுக்குப் பதிலாக இரண்டு தேங்காயும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் தந்தார். எங்கள் வீட்டிலேயே முருங்கை நிற்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்னதானத்தில்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் பௌர்ணமிதோறும் 200 பேருக்குச் சாப்பாடு. சமையல்காரர் ஐந்து காய்களைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. அவருக்கு 9 கிலோக் காய்தான் சரியான அளவு. கொப்பரையில் சாம்பார் கொதிக்கும்போது தோலோடு பெரிய துண்டுகளாகப் போட்டார். தோல் இருந்தால்தான் துண்டு உடையாது; சீவிவிட்டால் பத்து நிமிடத்தில் குழம்போடு குழம்பாகிவிடும். காம்பு ஒடிந்த மூன்று காய்கள் மாடு வளர்க்கும் வீட்டுக்குப் போயின. பதிலுக்கு ஒரு கூடை சாணி வந்தது. அதைக் குழியில் கொட்டும்போது கொஞ்சம் யோசித்துத்தான் கொட்டினேன்.

ஏற்காட்டுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அக்கா வீடு அங்கே, நாகலூர் போகும் வழியில். மாமா காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மாசியில் நான்கு காய்களை இரண்டு சாக்கில் போட்டுக்கொண்டு கோரிமேட்டில் பஸ் ஏறினேன். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதோ எட்டாவதோ வளைவில் சாக்கின் வாய் அவிழ்ந்து, ஒரு காய் இருக்கைகளுக்கு நடுவே புறப்பட்டது. பஸ் மலை ஏறுகிறது, காய் மலை இறங்குகிறது. கடைசி இருக்கையில் இருந்த கல்லூரி மாணவன் காலால் நிறுத்தினான். அடுத்த வளைவில் மறுபடியும் புறப்பட்டு, இம்முறை படிக்கட்டுக் கம்பியில் மோதிப் பிளந்தது. பஸ் முழுக்க அரசாணி வாசனை. நடத்துநர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒரு பாதியைப் பக்கத்தில் இருந்த அம்மாளுக்குக் கொடுத்தேன். இன்னொரு பாதியை ஓட்டுநருக்குத் தர முயன்றேன். அவர் சாலையைப் பார்த்தபடியே தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

வீட்டு வாசலில் மாமா நின்றிருந்தார். சாக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாருங்கள் மாப்பிள்ளை, மலைக்குக் கல் சுமந்து வந்திருக்கிறீர்களே" என்றார். அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். கொல்லைப் பந்தலில் சௌசௌ. எண்ண முடியாது. பச்சைப் பேரிக்காய் மாதிரி நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு கொடியாம், ஐந்து வருடமாக அதேதானாம். சௌசௌவுக்கு மலைக் குளிர் வேண்டும். கீழே சேலம் வெயிலில் நாங்கள் வைத்துப் பார்த்து இரண்டு முறை கருகியது. அதுவும் கொடி வகையில் அரசாணிக்கு ஒன்றுவிட்ட உறவுதான். அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் காய்தான். காய்க்குள் ஒரே விதை. பறித்து வைத்தால் காய்க்குள்ளிருந்தே முளைவிடும். விதைப்பதானால் முழுக்காயையே ஊன்ற வேண்டும். அக்காவின் சமையலறை அலமாரியில் ஒன்பது காய்கள் முளைவிட்டு, நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவளும் மூன்று வாரமாக யாரிடம் தள்ளலாம் என்று ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் தம்பிப் பாசம் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் கிளம்பும்போது அதே இரண்டு சாக்கும் நிரம்பியிருந்தன. வெறும் பையோடு யாரையும் அனுப்பக்கூடாது என்பது எங்கள் அம்மா எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம். மூன்றரைக் காயோடு போனவன் 46 சௌசௌவோடு திரும்பினேன். என் மனைவி கதவைத் திறந்து, சாக்கைப் பார்த்து, மறுபடி கதவைச் சாத்தப் போனாள்.

சமையல் பற்றிக் கேட்பீர்கள். வீட்டுக்கு ஒதுக்கிய காய்களை நான் மாசியிலிருந்து பத்து நாளைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அறுத்தேன். அறுத்த அன்றே பாதிக் காய் எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும். அவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை என்று கொடுத்தேன். மீதியை மூன்று நாளில் மூன்று விதமாக முடிக்க வேண்டும். முதல் நாள் தட்டைப்பயறுக் குழம்பு. பயறை வெறும் சட்டியில் வாசனை வர வறுத்து வேகவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, வரமிளகாய், தேங்காய் அரைத்து ஊற்றி, கொதி வந்த பிறகு கடைசியாகத் தோலோடு அரசாணித் துண்டு. புளி ஒரு கோலி அளவு போதும். இனிப்புக் காயும் மண்வாசனைப் பயறும் சேரும் இந்த ஒரு குழம்பை மட்டும் என் மனைவி குறை சொல்லவில்லை. இரண்டாம் நாள் கடுகும் வரமிளகாயும் தாளித்துத் தேங்காய்ப்பூ போட்ட பொரியல். மூன்றாம் நாள் மிச்சம் முழுவதையும் துருவி அல்வா. அல்வாவின் மகிமை ருசியில் இல்லை, சுண்டுவதில் இருக்கிறது. 2 கிலோத் துருவலை நெய்யில் வதக்கிப் பாலில் வேகவிட்டால் ஒரு சின்னக் கிண்ணம்தான் மிஞ்சும். அதிக விளைச்சலுக்கு இதைவிட மரியாதையான இறுதிச் சடங்கு கிடையாது. அம்மா சர்க்கரையை மறந்து இரண்டு கரண்டி வாங்கிக்கொள்வார்.

தோற்ற பரிசோதனை ஒன்று. சேலத்துக்காரன் ஜவ்வரிசியைத் தொடாமல் எப்படி இருப்பான்? சுற்றிலும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடு, சேகோ ஆலைகள், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பங்குனி வெயிலில் மாடியில் வடகம் போடும்போது ஜவ்வரிசிக் கூழில் வேகவைத்த அரசாணியை மசித்துக் கலந்தேன். துணியில் ஊற்றியபோது சூரியகாந்தி நிறத்தில் அத்தனை அழகு; தெருவே மாடி ஏறி வந்து பார்த்தது. மூன்று நாள் காய்ந்து, எண்ணெயில் போட்டால், பொரிவதற்கு முன்பே கருகியது. காயில் இருக்கும் சர்க்கரை. ஜவ்வரிசி விரிய எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். அந்தச் சூட்டில் சர்க்கரை கரியாகிவிடுகிறது. அரசாணியைப் பாதியாகக் குறைத்து இரண்டாம் முறை போட்டதில் கருகவில்லை, ஆனால் அரசாணி இருப்பதும் தெரியவில்லை. வடகத்துக்குச் சாம்பல் பூசணிதான். துருவி, உப்புப் போட்டு, நீரைப் பிழிந்து, அரைத்த உளுந்தில் கலந்து கிள்ளி வைப்பது. பெரியவர்கள் தெரிந்துதான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

தோற்றதற்குச் சமமாக ஜெயித்ததும் ஒன்று உண்டு. எங்கள் ஊரின் மாலை நேரப் பைத்தியம் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பச்சைச் சட்டினி, சிவப்புச் சட்டினி, துருவிய பீட்ரூட், கேரட். கோடை விடுமுறைக்கு வந்த பேரன் கேட்டான். வீட்டில் கேரட் இல்லை. அரசாணியை மெல்லிசாகத் துருவி, உப்பும் எலுமிச்சையும் பிசிறிப் பத்து நிமிடம் வைத்து, நீரைப் பிழிந்துவிட்டு வைத்துக் கொடுத்தேன். மொறுமொறுவென்று, கேரட்டைவிட இனிப்பாக இருந்தது. அவன் நான்கு செட் சாப்பிட்டுவிட்டு, என்ன காய் என்று கேட்டான். சொல்லாதீர்கள் என்று என் மனைவி பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள். அரசாணிக்காய் என்றால் தொடமாட்டேன் என்று பெங்களூரிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிட்டு வந்தவன் அவன்.

சித்திரை வெயில் ஏறியதும் கிடங்கில் இருந்த காய்களில் இரண்டு வேகமாக இளக ஆரம்பித்தன. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று கசிந்தால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அவற்றை முந்தி அறுத்தேன். வைகாசி இரண்டாம் வாரம் கடைசிக் காய் மட்டும் ஓலை மேல் இருந்தது. நோட்டில் 36 வரிகளுக்கு எதிரே பெயர் எழுதியாகிவிட்டது.

இந்த ஆண்டு புத்திசாலித்தனமாக இருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் காய்க்கு 7, 8 கிலோ வரும். எங்கள் நாட்டுக் காய் மாதிரி. கோ 2 அப்படியல்ல, ஒன்றரை முதல் 2 கிலோதான். மூன்று பேர் வீட்டில் ஒரு காயை அறுத்தால் இரண்டு நாளில் முடியும். பத்தை போட வேண்டாம், யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம், குழவியும் வேண்டாம். விதைப் பொட்டலம் வாங்கி வந்து அம்மாவிடம் காட்டினேன். காய் எவ்வளவு பெரிது என்று கேட்டார். கையால் காட்டினேன்.

"இதை அறுத்தால் எதிர்வீட்டுக்கு என்ன கொடுப்பாய்?" என்றார்.

எதிர்வீட்டு அம்மாள் முதலில் சிரித்தவர்தான். பங்குனியில் ஒருநாள் பத்தை வாங்கிய தட்டில் மாவடு வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த முறை தட்டு வரவில்லை, அவரே வந்து திண்ணையில் அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் நான் விட்டிருந்தேன்.

மூன்று குழியில் இரண்டு கோ 2, ஒன்று நாட்டுக் காய் என்று பேசி முடித்திருக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தேனீ கலந்துவிடும். இந்த ஆண்டுக் காயில் தெரியாது, அதன் விதையை அடுத்த ஆண்டு போட்டால்தான் தெரியும். அது அடுத்த ஆண்டுச் சண்டை. எருக்குழியை ஆனி முடிவதற்குள் கிளறிவிடச் சொல்லி என் மனைவி தனியாக ஒரு கெடு வைத்திருக்கிறாள்.

கடைசிக் காயை நேற்று அறுத்தேன். முதல் வெட்டு நான்தான். விதைகளை அம்மா வழித்து, கழுவி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, முறத்தில் பரப்பி நிழலில் வைத்திருக்கிறார். ஊன்ற எனக்கு வேண்டியது இரண்டு. இன்று காலை முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். 214 இருக்கின்றன.